கம்பங்களை நட்டுத் தாருங்கள்: கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர் அவர்களுக்கும், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினருக்கும், பழைய மாணவர் சங்கச் செயற்குழுவினருக்கும்,

வணக்கம். கல்லூரியின் பெயரை இங்கே எழுதவில்லை. யாருக்கு எழுதுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். திருகோணமலையில் மற்றவர்களுக்கும் தெரியாமல் இராது. பெயரைப் போட்டுக் கல்லூரியின் மானத்தை வாங்கினான் என்ற பழி எனக்கு வேண்டாம்.

விசயத்துக்கு வருகிறேன். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு அலங்கார வளைவு கட்டவென்று மைதானத்தின் இரு முனைகளிலும் நின்ற றகர் (ரக்பி) கோல் கம்பங்களைக் கழற்றினீர்கள். போட்டி முடிந்ததும் பழையபடி நட்டுத் தருவதாகச் சொன்னீர்கள். வளைவு இறங்கியது. கம்பங்கள் கன்ரீனுக்குப் பின்னால் மழையில் கிடந்தன. பிறகு ஒருநாள் அங்கேயும் இல்லை. பழைய இரும்புக்காரரின் லொறியில் அவை ஏறியதைக் கண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். எவ்வளவுக்குப் போனது என்று நான் கேட்கவில்லை. கேட்பது ஒன்றுதான்: அடுத்த பருவம் தொடங்குமுன் கம்பங்களை மீண்டும் நட்டுத் தாருங்கள்.

இதை நேரிலேயே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டோம். "பார்ப்போம்" என்றீர்கள். கடிதம் கொடுத்தோம், அது கோவையில் ஏறியது. கடைசியாகக் கேட்டபோது செயற்குழுவில் ஒரு பெரியவர், "தம்பி, றகர் எங்கட பாரம்பரியம் இல்லைத்தானே, ஏன் இவ்வளவு கரைச்சல்?" என்றார். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

பாரம்பரியம் எப்படி உண்டாகிறது என்பதற்குக் கண்டியைப் பாருங்கள். 1891இல் லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் என்ற ஆசிரியர் அங்கே ஆண்பிள்ளைகளுக்கு ஓர் உயர்நிலைப் பாடசாலை தொடங்கினார். இன்று அதற்குப் பெயர் கிங்ஸ்வூட் கல்லூரி. தொடங்கும்போது இருந்த மாணவர்கள் 11 பேர். றகர் அணிக்கு வேண்டியது 15 பேர். அப்படியிருந்தும் அந்த வருடமே பிள்ளைகளின் கையில் றகர் பந்தைக் கொடுத்தார் மனிதர். இலங்கையில் பாடசாலை றகர் அங்கிருந்துதான் தொடங்குகிறது. இன்னொரு பாடசாலையோடு மோதுவதற்கு 15 வருடம் காத்திருந்தார்கள்: 1906இல் கிங்ஸ்வூட்டும் அதே கண்டியிலுள்ள டிரினிட்டிக் கல்லூரியும் ஆடிய முதலாவது போட்டி 6-6 என்று சமநிலையில் முடிந்தது. அந்தப் பதினைந்து வருடத்தில் கண்டியிலும் யாராவது ஒரு பெரியவர், "இது எங்கட இல்லைத்தானே" என்று சொல்லியிருப்பார். நல்லவேளை, கம்பங்கள் அவர் பொறுப்பில் இருக்கவில்லை.

1920இல் கொழும்பு றோயல் கல்லூரியும் டிரினிட்டியும் ஆடத் தொடங்கின. 1945இல் றோயல் கல்லூரி அதிபராக இருந்த பிராட்பி அந்தப் போட்டிக்கு ஒரு கேடயம் கொடுத்தார். இன்று பிராட்பி கேடயப் போட்டி என்றால் கொழும்பும் கண்டியும் என்ன பாடு படுகின்றன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்களில் சிலர் போய்ப் பார்த்துவிட்டு முகநூலில் படமும் போட்டவர்கள்.

வெள்ளைக்காரனுடைய விளையாட்டு என்ற கதையும் அன்று மேசையில் வந்தது. கிரிக்கெட் என்ன, குளக்கோட்டன் கொண்டுவந்ததா? 1957 வரை பிரித்தானியக் கடற்படை நங்கூரம் போட்டுக் கிடந்த துறைமுகம் இது. இன்று இலங்கைக் கடற்படை அணி நாட்டின் கழக லீக்கில் ஆடுகிறது, அந்தக் கடற்படையின் கிழக்குத் தலைமையகம் நம் ஊரிலேயே இருக்கிறது. றகர் திருகோணமலைக்கு அந்நியம் என்று சொல்பவர் உள்துறைமுக வீதியால் ஒருநாள் நடந்து வரட்டும்.

எங்கள் கழகத்துக்கு நூறு வயது இல்லைத்தான். போர் ஓய்ந்த பிறகு மலைநாட்டிலிருந்து மாற்றலாகி வந்த ஓர் ஆசிரியர், காற்றுப்போன ஒரு பந்தைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். முதல் மாலை வந்தவர்களில் பாதிப்பேர் உதைபந்தாட்ட அணியில் இடம் கிடைக்காதவர்கள். பந்தைக் கையால் எறிவதென்றால் பின்னுக்குத்தான் எறியவேண்டும் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரே அங்கும் இங்கும் அலைந்து, கழித்துவிட்ட ஜி.ஐ. பைப்புகளை வாங்கி, அனுராதபுரச் சந்திப் பக்கம் ஒரு வெல்டிங் கடையில் பகல் முழுக்க நின்று ஒட்டுவித்தார். சொந்தச் சம்பளத்திலிருந்து கொடுத்திருப்பார் என்பது எங்கள் ஊகம். கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். நீங்கள் விற்றது அந்தப் பைப்புகளை.

எங்கள் வழக்கங்கள் எல்லாம் அந்தக் கம்பங்களைச் சுற்றித்தான் வளர்ந்தன. பருவத்தின் முதல் பயிற்சிக்கு முன் கம்பத்தின் அடியில் மஞ்சள் பூசித் தேங்காய் உடைப்போம். முஸ்லிம் பிள்ளைகளும் வேதக்காரப் பிள்ளைகளும் தத்தம் முறையில் வேண்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார்கள். அதன் பின் கன்ரீன் அக்காவின் பிளேன்ரீ எல்லோருக்கும் பொது. பழைய தலைவர் தன் ஜேர்சியைப் புதிய தலைவருக்குக் கொடுப்பது கம்பத்தின் கீழேதான். உயர்தரம் முடித்து விலகும் அணி, போகுமுன் கம்பங்களுக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்துவிட்டுப் போகவேண்டும். அதற்கு முன் அடிப்பக்கத்தில் ஆணியால் தங்கள் முதலெழுத்துகளைக் கீறிவிடுவார்கள். அடுத்த வருடத்துப் பெயின்ற் அதன் மேல் ஏறும், அதற்கு மேல் அடுத்த அணியின் எழுத்துகள். அடியில் பெயின்ற் தோல் தோலாகத் தடித்துப் போயிருந்தது. தோற்றாலும் வென்றாலும் இரண்டு வரிசையாக நின்று எதிரணியைக் கைதட்டி அனுப்புவதும், நடுவர் சின்னப் பொடியனாக இருந்தாலும் "சேர்" என்று கூப்பிடுவதும் றகர் ஆடும் ஊர்களிலெல்லாம் உள்ளவை. ஆணி எழுத்து எங்களுடையது. பாரம்பரியம் இல்லை என்று சொன்ன பெரியவருக்கு, அது லொறியில் ஏறிப் போய்விட்டது என்று தெரிவித்துக்கொள்கிறேன்.

கம்பம் இல்லாமல் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தை நிலத்தில் அழுத்தினால் ட்ரை, 5 புள்ளி. அதன்பின் ஓர் உதை உண்டு. பந்து நிலத்தைத் தொட்ட இடத்துக்கு நேராகப் பின்னால் வந்து, பந்தை வைத்து உதைக்கவேண்டும். அது இரு கம்பங்களுக்கும் நடுவே, குறுக்குச் சட்டத்துக்கு மேலால் போனால் இன்னும் 2 புள்ளி. கம்பங்களுக்கு இடையே 5.6 மீற்றர். சட்டத்தின் உயரம் 3 மீற்றர். இங்கிலாந்தில் இந்த ஆட்டத்தின் ஆரம்ப காலத்தில் கோட்டைத் தாண்டுவதற்குப் புள்ளியே கிடையாது, உதை உள்ளே போனால்தான் கணக்கு. கம்பம் இல்லாத றகர் மைதானம் என்று ஒன்று அன்றும் இருந்ததில்லை.

எங்கள் அணியில் உதைப்பவன் பன்னிரண்டாம் தரத்துப் பிள்ளை. கம்பங்கள் போனபின் முதலில் இரண்டு புத்தகப்பைகளை நிலத்தில் வைத்து அவற்றுக்கு நடுவே உதைத்தான். பைக்கு உயரம் இல்லை. போனதா இல்லையா என்று ஒவ்வோர் உதைக்கும் சண்டை. பிறகு கரப்பந்தாட்ட வலைக்கு மேலால் உதைத்துப் பழகினான். ஆண்களுக்கான கரப்பந்தாட்ட வலையின் உயரம் 2.43 மீற்றர், நீளம் 9 மீற்றருக்கும் மேல். றகர் சட்டத்தைவிட 57 சென்ரிமீற்றர் தாழ்வு, வாசலோ ஒன்றரை மடங்குக்கும் அதிக அகலம். மாலை முழுக்க உதைப்பான். எல்லாம் உள்ளே போகும். பொடியள் கைதட்டுவார்கள்.

கண்டியில் போட்டி. விடியுமுன் பஸ் ஏறி, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை என்று குலுங்கிக் குலுங்கிப் போய் இறங்கி, காலை நீட்டி நிமிருமுன் ஆட்டம். நாங்கள் இரண்டு ட்ரை வைத்தோம். அவர்களும் இரண்டு. அவர்களின் இரண்டு உதைகளும் உள்ளே. எங்களின் முதல் உதை சட்டத்தில் அடிபட்டு மைதானத்துக்குள்ளேயே விழுந்தது. இரண்டாவது கம்பத்துக்கு வெளியால் போனது. வலையாக இருந்திருந்தால் இரண்டுமே போயிருக்கும். 14-10. ஓடியதிலோ, பந்தோடு ஓடுபவனைப் பிடித்து விழுத்தும் டக்கிளிலோ பிள்ளைகள் ஒரு குறையும் வைக்கவில்லை. அந்த நான்கு புள்ளியும் உங்கள் அலங்கார வளைவோடு போனவை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் என் பக்கத்தில் வந்து இருந்தான். கனநேரம் பேசவில்லை. ஹபரணை தாண்டிய பிறகு, "அண்ணா, அவங்கட சட்டம் எங்கட பழைய சட்டத்தை விட உயரமா?" என்று கேட்டான். இல்லையடா, எல்லா இடத்திலும் ஒரே உயரம்தான் என்றேன். அவனுக்கு அதைவிட நல்ல பதில் ஒன்று சொல்லவேண்டியது நீங்கள்.

அடுத்த காலைக் கூட்டத்தில் அணியை முன்னால் நிறுத்தி, "இன்னும் முயற்சி வேண்டும்" என்று புத்திமதி சொல்லப்பட்டதாம். முயற்சியை எந்த உயரத்தில் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்று பிள்ளைகளுக்குக் காட்டினால் அதையும் தாண்டி உதைத்துப் பார்ப்பார்கள். கல்லூரிக்குள் குடிநீர்க் குழாய்க்குக்கூடத் திறந்து வைத்தவர் பெயரோடு ஒரு கல் இருக்கிறது. பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்று வரிசையாகப் பொன்னாடை. சாயந்தரம் மூன்றரைக்கு ரியூசன் இருக்கிறது என்று பயிற்சிக்குப் பிள்ளையை விடாத பெற்றோர், கை கால் முறியும் என்று முறைப்பாடு எழுதிய பெற்றோர், அந்த முறைப்பாட்டைச் சாட்டாக வைத்துக்கொண்ட நீங்கள். கம்பத்தைப் பிடுங்கினால் எலும்பு முறியாது என்று எந்த வைத்தியர் சொன்னார்? மன்னிக்கவேண்டும், பேச்சு எங்கோ போய்விட்டது. கேட்க வந்தது கம்பங்களை.

இன்னொரு செய்தி மட்டும். 1870களில் கல்கத்தாவில் ஒரு றகர் கழகம் இருந்தது. ஆள் குறைந்து கலைக்கவேண்டி வந்தபோது, வங்கியில் மிஞ்சிக் கிடந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி, நாகபாம்புக் கைப்பிடிகளும் மூடியில் யானையும் வைத்து ஒரு கிண்ணம் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் அந்தக் கல்கத்தாக் கிண்ணத்துக்காகவே மோதுகின்றன. கலைந்துபோன கழகம் தன் வெள்ளியை அப்படி வைத்துவிட்டுப் போனது. கலையாத எங்கள் கழகத்தின் இரும்பு கிலோக் கணக்கில் நிறுக்கப்பட்டது.

ஐயா, தயவுசெய்து கம்பங்களை நட்டுத் தாருங்கள். பணம்தான் தடை என்றால், பைப்பும் பெயின்ற்றும் பழைய வீரர்கள் பொறுப்பு. எங்களில் ஒருவன் வெல்டிங் வேலை செய்கிறான், கூலி கேட்கமாட்டான். கம்பத்தின் அடியில் பிள்ளைகள் மோதாமல் சுற்றும் பஞ்சு உறைகளையும் தைப்பித்துத் தருகிறோம். அப்படியானால் உங்களிடமிருந்து வேண்டியது இவ்வளவுதான்: மைதானத்தில் வேலை செய்ய எழுத்தில் ஓர் அனுமதி, இனி எந்த விழாவுக்கும் கழற்றுவதில்லை என்று அதில் ஒரு வரி. திறப்புவிழா வைத்துக் கல் பதிப்பதானாலும் எங்களுக்கு மறுப்பில்லை, கல்லில் யார் பெயரையும் போட்டுக்கொள்ளுங்கள். பழைய கொங்கிறீற் குழிகள் இன்னும் புல்லுக்குக் கீழே அப்படியே இருக்கின்றன. அவற்றை மண் போட்டு மூடிவிடாமல் காவலாளி ஐயாவிடம் இன்றே சொல்லிவையுங்கள்.

அடுத்த செயற்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்து, முடிவை எழுத்தில் அறிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். "பார்ப்போம்" என்ற பதில் எங்களிடம் ஏற்கனவே இருக்கிறது.

இப்படிக்கு,
கல்லூரி றகர் அணியின் பழைய வீரன்,
திருகோணமலை