மேற்குச் சுவரைக் கண்ணாடியால் மூடிவிட வேண்டாம்: பள்ளிக் கட்டடக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கட்டடக் குழுப் பெரியோர்களுக்கு வணக்கம்.

புதிய வகுப்பறைக் கட்டடத்தின் மேற்கு முகப்பு முழுவதும் திறக்க முடியாத கண்ணாடி பொருத்துவதென எடுத்த முடிவைக் கைவிட்டு, கீல் வைத்துத் திறக்கும் சன்னல்களை அமைக்குமாறு வேண்டி இதை எழுதுகிறேன். ஸ்லைடிங் சன்னல் வழியே சாரல் நீர் வகுப்பறைக்குள் புகுந்ததால்தான் அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பது ஊருக்கே தெரியும்.

ஆனிச் சாரலில் கீழ்த்தள வகுப்பறைக்குள் தண்ணீர் புகுந்த அன்று, மகளை அழைத்துவர நான் அங்கே போயிருந்தேன். ஸ்லைடிங் சன்னலின் கதவுகள் நகரும் அலுமினிய டிராக்கில் தேங்கிய நீர், ஒவ்வொரு காற்றுக்கும் குமிழியிட்டுப் பொங்கி உள்விளிம்பைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. டீச்சர் சாக்கை மடித்துச் சன்னல் திண்டில் அணைபோட்டபடியே பாடம் நடத்தினார். அட்டை ஊறி உப்பிப்போன கணக்கு நோட்டை மின்விசிறிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுமி நின்றாள். அன்று மாலைவரை அது காயவில்லை.

நான் குனிந்து பார்த்தபோது டிராக்கின் வெளிப்புற வடிதுளைகள் சிமெண்டுப் பூச்சால் அடைபட்டிருந்தன. உள்விளிம்பின் உயரம் 20 மில்லிமீட்டர்கூட இல்லை. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் நேராக அடிக்கும் காற்றின் அழுத்தம், சுமார் 25 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீரைத் தாங்கி நிறுத்தும்; விளிம்பு அதைவிடத் தாழ்ந்திருந்தால் நீர் உள்ளே வழியும். ஆரியங்காவுக் கணவாய் வழியே சீறிவரும் காற்றை எதிர்கொள்ளும் சுவரில், தாழ்ந்த விளிம்புள்ள டிராக்கைப் பொருத்திவிட்டு, துளைகளைத் திறந்துவிடக்கூட ஒருவரும் பார்க்கவில்லை என்பதே என் வருத்தம். தவறு பொருத்தியதில் இருக்க, தண்டனை பிள்ளைகள் சுவாசிக்கும் காற்றுக்கு ஏன்?

மூடிய கண்ணாடி மழையைத் தடுக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆனி, ஆடியில் சாரலை வாங்கும் அதே சுவர்தான் பங்குனி, சித்திரையில் பிற்பகல் வெயிலையும் நேராக வாங்குகிறது. நிறமோ பூச்சோ இல்லாத ஒற்றைத் தெளிகண்ணாடி வெயிலின் வெப்பத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை உள்ளே விட்டுவிடும். இரட்டைக் கண்ணாடி போட்டால் போதும் என்று கூட்டத்தில் சொல்லப்பட்டதாக அறிகிறேன். அதுவும் தெளிகண்ணாடியாக இருந்தால் பத்தில் ஏழு பங்கு உள்ளே வரும். ஏசி இல்லாத அறையில், நாற்பது பிள்ளைகள் பிற்பகல் மூன்று மணி வெயிலில் அதற்குப் பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும்.

தென்காசி முதல் கம்பம் வரை நகைக்கடைகளும் ஜவுளிக்கடைகளும் கண்ணாடி முகப்போடு எழும்புவதைப் பார்த்துப் பள்ளியும் அப்படி இருக்க வேண்டும் என்ற ஆசை வந்திருக்கலாம். அவர்களுக்கு நாள் முழுதும் ஏசியும் ஜெனரேட்டரும் ஓடுகின்றன. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த காலத்தில் கட்டிய வீடுகள் இன்னும் நம் தெருக்களில் நிற்கின்றனவே. தாழ்ந்த இறவாரமும் மரச்சட்டங்கள் வரிசையாக நிற்கும் அழிச் சன்னலும் கொண்ட அந்த வீடுகளுக்குள் சாரலில் காற்று வருகிறது, தண்ணீர் வருவதில்லை. மனத்தாங்கலில் சற்று மிகுதியாக எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டும்.

நான் கேட்பது இதுதான். மேற்குச் சுவரில், மூடும்போது ரப்பர் பட்டை சுற்றிலும் அழுந்தும்படி, வெளிப்புறம் திறக்கும் கீல் சன்னல்கள் வேண்டும். இரண்டு கதவு ஸ்லைடிங்கில் பாதி இடமே திறக்கும். கீல் சன்னலில் ஏறக்குறைய முழுவதும் திறக்கும். மேலே கீல் வைத்து அடிப்பக்கம் வெளியே தள்ளித் திறக்கும் சிறு சன்னல் ஒன்று இருந்தால், இலேசான சாரலிலும் காற்று வரும். எல்லாவற்றுக்கும் மேல் இரண்டரை அடி சன்ஷேடு கட்டாயம். அந்தப் பக்கம் வராந்தா இல்லாததால், வெளியே திறந்த சன்னல் கதவில் நடப்பவர் தலை இடிக்கும் என்ற பயமும் இல்லை. சட்டம் அலுமினியமா, யுபிவிசி என்னும் கடினப் பிளாஸ்டிக்கா என்பதில் எனக்குப் பிடிவாதம் கிடையாது. யுபிவிசி என்றால் உள்ளே இரும்புச் சட்டம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டஃபன்டு (சூட்டில் கெட்டிப்படுத்திய) கண்ணாடியைப் பிறகு வெட்ட முடியாது, ஆகவே சுவர்ப்பூச்சு முடிந்தபின் அளவெடுக்கச் சொல்லுங்கள்.

ஆர்டர் கொடுக்கும் முன், ஆடி முடிவதற்குள், ஒரே ஒரு கீல் சன்னலை மாதிரிக்கு மாட்டி, சாரல் அடிக்கும் நாளில் குழுவினர் அனைவரும் வந்து அதன் உட்பக்கம் நின்று பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஒரு சன்னலின் செலவை நானே தருகிறேன்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை