மாகாண சபைத் தேர்தலுக்குத் திகதி கேட்டு ஆளுநருக்கு ஒரு கோரிக்கை மனு

கௌரவ ஆளுநர் அவர்கள்,
கிழக்கு மாகாணம்,
திருகோணமலை.

விடயம்: மாகாண சபைத் தேர்தல் பற்றிய உண்மை நிலையை எழுத்தில் அறியத் தருதலும், சபை இல்லாத காலத்தில் மக்களுக்குப் பதில் சொல்ல ஓர் ஏற்பாடு செய்தலும்

மதிப்புக்குரிய ஐயா,

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில், வாவிக்கு மேற்குப் பக்கமான படுவான்கரையில், மண்டூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் வசிக்கிறேன். வயல் செய்கிறேன். எங்கள் ஊர்ப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்தில் உறுப்பினராக இருக்கிறேன். எந்தக் கட்சியிலும் இல்லை. 2008 மே மாதத்திலும் 2012 செப்டம்பர் 8ஆம் திகதியும் கிழக்கு மாகாண சபைக்கு வாக்களித்தவன் என்ற உரிமையில் இந்த மனுவை எழுதுகிறேன்.

எங்கள் சபையின் காலம் 2017 செப்டம்பர் 30ஆம் திகதி முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. 2012இல் தரம் ஆறில் படித்த பிள்ளைகள் இன்று கைக்குழந்தையோடு நிற்கிறார்கள். மாகாண சபைக்கு ஒரு தடவையும் அவர்கள் வாக்களித்ததில்லை. 1987இல் மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் வந்தது. 1988 நவம்பரில் இணைந்த வடகிழக்குக்கு ஒரு தேர்தல் நடந்தது, அந்தச் சபை 1990இல் போய்விட்டது. அப்புறம் 2008 வரை ஒன்றுமில்லை. கூட்டிப் பார்த்தால், இத்தனை காலத்தில் கிழக்கு மக்கள் தாங்கள் தெரிவுசெய்த சபையின் கீழ் இருந்தது பதினொரு வருடத்துக்கு மேல் இல்லை.

தேர்தல் தள்ளிப்போனதை விட, அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள்தான் எனக்கு அதிக வேதனை தருகின்றன. அவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

2017 செப்டம்பர் 20ஆம் திகதி பாராளுமன்றம் மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு நூற்றுக்கு முப்பது இடம் கொடுப்பதற்காக வந்த சட்டமூலம் அது. நல்ல விடயம், யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் குழுநிலையில், அதாவது சட்டமூலத்தைப் பாராளுமன்றம் பிரிவு பிரிவாகப் பரிசீலிக்கும் கட்டத்தில், பக்கம் பக்கமாகத் திருத்தங்களைச் சேர்த்துத் தேர்தல் முறையையே மாற்றிவிட்டார்கள். பாதி தொகுதி வாரி, பாதி விகிதாசாரம் என்று புதிய முறை வந்தது. அதற்குத் தொகுதிகளின் எல்லை நிர்ணயம் செய்ய வேண்டும், அது முடியும்வரை தேர்தல் வைக்க முடியாது. சட்டமூலம் வெளிவந்தபோது குடிமக்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். குழுநிலையில் நுழைந்ததற்கு அந்த வாய்ப்பு இல்லை, சட்டமான பிறகு அதைக் கேள்வி கேட்க அரசியலமைப்பும் இடம் தருவதில்லை. பெண்களின் பெயரைச் சொல்லி எங்கள் வாக்கை எடுத்துக்கொண்டார்கள். இதை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, எல்லை நிர்ணயமாவது நடந்ததா? குழு அமைத்தார்கள், அறிக்கையும் வந்தது. 2018 ஓகஸ்ட் 24ஆம் திகதி அது பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுகூட இல்லை. அறிக்கையைச் சபைக்குக் கொண்டுவந்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பிறகு பிரதமர் தலைமையில் ஒரு மீளாய்வுக் குழு. இரண்டு மாதத்தில் அறிக்கை தர வேண்டும் என்று சட்டம் சொன்னது, தரவில்லை. பழைய முறையில் நடத்தலாமா என்று 2019இல் ஜனாதிபதி உயர் நீதிமன்றத்திடம் கேட்டார். புதிய சட்டம் இருக்கும்போது முடியாது என்று பதில் வந்தது. ஆக, பூட்டியவர்களும் அவர்கள்தான், சாவி இல்லை என்று எங்களிடம் சொன்னவர்களும் அவர்கள்தான்.

அந்தச் சட்டத்தைத் திருத்தித் தந்தால் தேர்தலை நடத்தலாம் என்று தேர்தல் ஆணைக்குழு சொல்லிக்கொண்டே இருக்கிறது. நேரம் போதவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. 2020 ஓகஸ்டில் தெரிவான பாராளுமன்றம் ஒக்டோபர் மாதமே 20ஆவது திருத்தத்தை நிறைவேற்றி ஜனாதிபதிக்கு அதிகாரத்தைக் கூட்டிக் கொடுத்தது. 2022இல் 21ஆவது திருத்தமும் வந்தது. அரசியலமைப்பையே இரண்டு தடவை மாற்ற முடிந்தவர்களுக்கு ஒரு தேர்தல் சட்டத்தைச் சரிசெய்ய முடியாமல் போனது ஏன்?

உள்ளூராட்சித் தேர்தலிலும் இதே கதைதான். 2023 மார்ச் 9ஆம் திகதி தேர்தல் என்றார்கள், வேட்புமனு எல்லாம் முடிந்தது. பணம் இல்லை என்று ஏப்ரல் 25க்குத் தள்ளினார்கள், பிறகு திகதியே இல்லாமல் போனது. வேட்பாளராக நின்ற அரச ஊழியர்கள் சம்பளமும் இல்லாமல், வேலைக்கும் திரும்ப முடியாமல் எவ்வளவு திண்டாடினார்கள் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். 2024 ஓகஸ்ட் 22ஆம் திகதி உயர் நீதிமன்றம் மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. 2025 மே 6ஆம் திகதிதான் தேர்தல் நடந்தது. மாகாண சபைத் தேர்தலையும் ஒரு வருடத்துக்குள் வைப்போம் என்று 2024இல் தேர்தல் விஞ்ஞாபனத்தில் எழுதியவர்கள்தான் இன்று ஆட்சியில் இருக்கிறார்கள். அந்த ஒரு வருடமும் போய்விட்டது.

ஐயா, மாகாண சபை இல்லாவிட்டால் சாதாரண மக்களுக்கு என்ன நட்டம், அதிகாரிகள்தான் வேலை செய்கிறார்களே என்று கொழும்பில் இருப்பவர்கள் கேட்கலாம். அதற்கு எங்கள் பாடசாலையைக் கொண்டே பதில் சொல்கிறேன்.

எங்கள் பாடசாலையில் சாதாரண தர வகுப்புக்குக் கணித ஆசிரியர் இல்லை. நேரசூசியில் கணிதம் என்று எழுதிய கட்டங்களில் ஆசிரியர் பெயர் எழுதும் இடம் வெறுமையாகக் கிடக்கிறது. சங்கத்தின் பெயரில் உரிய அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினோம். ‘எமது ஆவணங்களின்படி மேற்படி பாடசாலையில் கணித பாடத்துக்கு ஆசிரியர் பற்றாக்குறை இல்லை’ என்று பதில் வந்தது. எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆளணிப் பட்டியலைக் கேட்டோம். பட்டியல் வந்தது. எங்கள் பாடசாலைப் பெயருக்குக் கீழே கணித ஆசிரியை ஒருவரின் பெயர் இருக்கிறது. சம்பளம் எங்கள் பாடசாலைக் கணக்கில் போகிறது. கடைசி நிரலில் மட்டும் சின்ன எழுத்தில் ‘தற்காலிக இணைப்பு’ என்று எழுதி, வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் உள்ள ஒரு பெரிய பாடசாலையின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தற்காலிகம் எப்போது முடியும் என்று எங்கும் எழுதவில்லை. அப்படித் ‘தற்காலிக இணைப்பு’ என்று எழுதப்பட்டிருந்தது அவர் ஒருவருக்கு மட்டுமல்ல.

அந்த ஆசிரியை மீது எனக்குக் கோபம் இல்லை. சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அதிகாலையில் மிதவைப் பாதை ஏறி வாவியைக் கடந்து, அந்தப் பக்கம் பஸ் இல்லாமல் நின்று வருவது லேசான வேலை இல்லை. எனக்குக் கோபம், இல்லாத ஆசிரியரை இருக்கிறார் என்று கையெழுத்திட்டு அனுப்பிய கடிதத்தின் மீதுதான். பற்றாக்குறை இருக்கிறது, இப்போதைக்கு ஆள் இல்லை என்று எழுதியிருந்தால் நாங்கள் பொறுத்துக்கொண்டிருப்போம், வேறு வழியும் தேடியிருப்போம். கடைசியில் வழி தேடியதும் நாங்கள்தான். உயர்தரம் முடித்த எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் கணிதம் படிப்பிக்கிறார். வெள்ளாமை வெட்டியதும் பெற்றோர் சேர்க்கும் காசில் அவருக்கு ஒரு சிறு தொகை கொடுக்கிறோம். வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் குருமண்வெளித் துறையைக் கடந்து களுவாஞ்சிகுடிக்கு ரியூசன் போகிறார்கள். மற்றப் பிள்ளைகள் அந்தப் பெண்ணை நம்பித்தான் இருக்கிறார்கள்.

அலுவலகத்தின் பெயரையோ கையெழுத்திட்டவரின் பெயரையோ நான் இங்கே எழுதவில்லை. கடிதங்களின் பிரதிகளை இணைத்திருக்கிறேன், தாங்களே பார்க்கலாம். ஓர் அதிகாரியைப் பிடித்து இடமாற்றிவிட்டால் தீர்ந்துவிடும் பிரச்சினை இல்லை இது.

தேசிய பாடசாலைகள் போக மற்றப் பாடசாலைகள் எல்லாம் மாகாணத்தின் பொறுப்பு. கிராமத்து ஆஸ்பத்திரி, மாகாண வீதி, பிரதேச சபைகளின் மேற்பார்வை எல்லாம் அதே மாதிரித்தான். இவற்றில் பொய் ஒன்று எழுதப்பட்டால் அதைச் சபையில் எழுந்து கேட்பதற்கு 37 பேர் இருந்தார்கள். அம்பாறைக்கு 14, எங்களுக்கு 11, திருகோணமலைக்கு 10, வென்ற கட்சிக்குப் போனஸ் இரண்டு. இன்று ஒருவரும் இல்லை. சபை இருந்த காலத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று நான் சொல்லமாட்டேன். வாகனத்துக்கும் பதவிக்கும் அடிபட்டவர்களையும் பார்த்தோம், கட்சி மாறியவர்களையும் பார்த்தோம். ஆனாலும் வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு உறுப்பினர் ஊருக்கு வந்தே ஆக வேண்டும். பந்தலில் வைத்து, ‘தம்பி, எங்கட பள்ளிக்கூடத்துக்கு மாஸ்டர் எங்க?’ என்று வயதான ஓர் அம்மா கேட்டால் அவர் பதில் சொல்லித்தான் போக முடியும். அடுத்த தேர்தலில் அந்த அம்மாவின் வாக்கு அவருக்குத் தேவை. திருகோணமலையில் இருக்கும் செயலாளருக்கு அது தேவையில்லை. மட்டக்களப்பிலிருந்து அங்கே போக ஏறத்தாழ 130 கிலோமீட்டர். ஒரு விவசாயி வாகரை, வெருகல், மூதூர் என்று பஸ்ஸில் போய்ச் சேர்ந்தால், ஐயா கூட்டத்தில் இருக்கிறார் என்றுதான் வாசலில் சொல்வார்கள்.

இது தமிழருக்கு மட்டும் உள்ள குறை என்று யாரும் நினைக்க வேண்டாம். கல்முனையில், அக்கரைப்பற்றில், கிண்ணியாவில் உள்ள முஸ்லிம் சகோதரர்களுக்கும், அம்பாறையிலும் சேருவிலவிலும் உள்ள சிங்கள விவசாயிகளுக்கும் இதே கதிதான். எங்களுக்குள் ஆயிரம் பிணக்கு இருக்கும். அவற்றைப் பேசித் தீர்க்க இருந்த ஒரே பொது மேசையையும் எடுத்துவிட்டார்கள்.

ஐயா, தங்கள் மீது எனக்குத் தனிப்பட்ட குறை எதுவும் இல்லை. ஆளுநரை ஜனாதிபதி நியமிக்கிறார், தேர்தலை வைக்கும் அதிகாரம் தங்களிடம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். சபை கலைந்த பிறகு இந்தக் கதிரையில் தமிழரும் முஸ்லிமும் சிங்களவரும் இருந்துவிட்டார்கள். ஒருவரையும் நாங்கள் தெரிவுசெய்யவில்லை, ஒருவரையும் நாங்கள் விலக்கவும் முடியாது. இறைமை மக்களிடம் உள்ளது, வாக்குரிமையும் அதில் அடங்கும் என்று அரசியலமைப்பின் மூன்றாம் உறுப்புரை சொல்கிறது. கிழக்கு மாகாணத்தில் அந்த வாசகம் உண்மையாக இருக்க வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான கோரிக்கை அல்ல என்று நம்புகிறேன்.

ஆகவே தங்கள் கையால் செய்யக் கூடியவற்றை மட்டும் கேட்கிறேன். முதலாவது, ஜனாதிபதி அவர்களிடமும் அமைச்சரவையிடமும் எழுத்தில் கேளுங்கள்: சட்டத்தை எந்த மாதம் திருத்துவார்கள், தேர்தலை எந்த மாதம் வைப்பார்கள். வரும் பதிலை மூன்று மொழியிலும் வெளியிடுங்கள். வைக்கும் எண்ணமே இல்லை என்றால், இல்லை என்றே எழுதித் தரச் சொல்லுங்கள். எல்லை நிர்ணயம், பணம், ஆய்வுக் குழு என்று இன்னொரு காரணத்தைக் கேட்க எங்களுக்குத் தெம்பில்லை.

இரண்டாவது, தேர்தல் வரும்வரை தாங்களும் மாகாணச் செயலாளர்களும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் குறித்த ஒரு நாளில் பகிரங்கமாக மக்களைச் சந்திக்க வேண்டும். படுவான்கரைக்கும் ஒரு தடவை வாருங்கள். அங்கே கேட்கப்படும் கேள்வியும் சொல்லப்படும் பதிலும் எழுதப்பட்டு, பிரதேச செயலகத்தின் அறிவித்தல் பலகையில் போடப்பட வேண்டும். 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வேலைத்திட்டங்களின் விவரத்தை முன்கூட்டியே வெளியிட வேண்டும் என்பது தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. மாகாணத்திலும் அதைத் தவறாமல் செய்யப் பணியுங்கள்.

மூன்றாவது எங்கள் பிள்ளைகளுக்காக. மாகாணம் முழுவதும் ‘தற்காலிக இணைப்பில்’ இருக்கும் ஆசிரியர்களின் எண்ணிக்கையைப் பாடசாலை வாரியாக வெளியிடுங்கள். வேறிடத்தில் படிப்பிக்கும் ஒருவரை எங்கள் பாடசாலைக் கணக்கில் வைத்திருக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். அந்த வெற்றிடத்தை வெற்றிடம் என்று காட்டினால்தான் அடுத்த நியமனத்திலாவது எங்களுக்கு ஒருவர் கிடைப்பார். அடுத்த சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்கும் பிள்ளைகளுக்கு அதற்குள்ளாவது ஓர் ஆசிரியரை அனுப்பி வைக்கத் தாங்கள் தலையிட வேண்டும் என்று மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

இந்த மனு கிடைத்ததை அறிவிப்பதோடு, பதிலைத் தமிழில் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வண்ணம்,
தங்கள் உண்மையுள்ள,
பாடசாலை அபிவிருத்திச் சங்க உறுப்பினர், வாக்காளர்
படுவான்கரை, மட்டக்களப்பு

இணைப்பு: சங்கத்தின் கடிதம், அதற்கு வந்த பதில், ஆளணிப் பட்டியல் ஆகியவற்றின் பிரதிகள்

பிரதி: தலைவர், தேர்தல் ஆணைக்குழு, இராஜகிரிய
அரசாங்க அதிபர், மாவட்டச் செயலகம், மட்டக்களப்பு