மூன்றாம் அத்தியாயம் குறித்து

அன்புள்ள கயலுக்கு,

இங்கு நலம். உன் நலம் அறிய ஆவல். அம்மா கூப்பிட்டால் "வேலை இருக்கு" என்று வைத்துவிடுகிறாயாம். சரி, வேலையைப் பற்றியே எழுதுகிறேன்.

உன் ஆய்வேட்டுக்கான இனாம்காவ் அட்டவணையைப் பார்த்தேன், மகாராஷ்டிரத்தில் அகழ்ந்த அந்தப் பழைய ஊரின் பானை ஓடுகளைப் பற்றியது. பானை விளிம்புகளை நீ வரைந்திருக்கும் நேர்த்தியை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுவேன். ஆனால் வண்ணம் தீட்டிய ஓடுகளை மட்டும்தான் எண்ணியிருக்கிறாய், வண்ணமில்லாத வெற்றோடுகளை விட்டுவிட்டாய். இது உனக்குத் தெரியாததா? அங்கு வாழ்ந்த ஜோர்வே பண்பாட்டு மக்களின் முற்காலக் கலத்தின்மேல்தான் கண் போகும்: சக்கரத்தில் வனைந்த சன்னக் களிமண், சிவப்பின்மேல் கறுப்புக் கோடு, நீண்ட மூக்குக் கெண்டி, தட்டினால் கணீர். கி.மு. 1000க்குப் பிறகு மேற்பரப்பு மங்குகிறது, கிண்ணத்தின் வயிற்றுமடிப்பு மழுங்குகிறது, கோடுகள் அருகிவிடுகின்றன. வெற்றோடுகளை விட்டுவிட்டால் இந்த மாற்றம் எந்த வேகத்தில் வந்தது என்று எப்படிச் சொல்வாய்? எண்ணிக்கையோடு எடையும் போடு. பெரிய சாடி ஒன்று உடைந்தால் துண்டுகள் குவிந்துவிடும்; எண்ணிக்கை மட்டும் பார்த்தால் சாடிகளே மிகுதி என்று தோன்றும்.

பையின் சீட்டில் "குழி" என்று எழுதியிருந்தால் அதைத் தனியாக வை. அந்த ஊர் மண் கரிசல். கோடையில் வெடித்து, மேலிருக்கும் ஓடுகளைக் கீழே இறக்கிவிடும். பின்வந்தவர்கள் குழி வெட்டும்போது பழைய ஓடு மேலே வரும். உடைந்த ஓரத்தை விரலால் தடவிப் பார். கூராக இருந்தால் உடைந்த இடத்திலேயே கிடந்திருக்கலாம். தேய்ந்து உருண்டிருந்தால் இடம் மாறி வந்ததா என்று சந்தேகப்படு. கழுவாத பை இருந்தால் முதலில் உட்புறத்தைப் பார். கரியோ உணவுக் கறையோ ஒட்டியிருந்தால் தண்ணீர் படக்கூடாது. வண்ணப் பக்கத்தைத் தேய்க்காதே, அமிலம் வேண்டவே வேண்டாம், நிழலில் உலர்த்து. நேரத்துக்குச் சாப்பிடு.

மதிலும் அகழியும் இருந்த ஊர் என்றதும் போர் என்று எழுதிவிடாதே. கோட் ஆற்றங்கரையில் வாய்க்கால் வெட்டிப் பார்லி விளைத்தவர்கள் அவர்கள். வெள்ளத்தையும் கணக்கில் எடு.

மூன்றாம் அத்தியாயம் ஏன் நிற்கிறது என்று நான் கேட்கவில்லை. "பிற்கால ஜோர்வே: சரிவு" என்று தலைப்பு வைத்து இரண்டே பத்தியில் முடித்திருக்கிறாய். அதுதான் மனசுக்கு ஒப்பவில்லை. செவ்வக வீடுகள் போய் வட்டக் குடிசைகள் வந்தன, விளைச்சல் குறைந்து வேட்டை கூடியது, எல்லாம் உண்மை. ஆனால் அதற்குப் பிறகும் சுமார் 300 ஆண்டுகள் அவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். குழந்தை இறந்தால் முன்போலவே இரண்டு தாழிகளை வாயோடு வாய் பொருத்தி வீட்டுத் தரைக்கடியில் புதைத்தார்கள். அந்த 300 ஆண்டுகளை நீ முழுசாக எழுத வேண்டும். உன்னால் முடியும். வேறு யாரும் அந்த வெற்றோடுகளை இவ்வளவு பொறுமையாகப் பார்க்கப் போவதில்லை.

தராசு இல்லையென்றால் சொல், வாங்கி அனுப்புகிறேன். ஞாயிறு மாலை கூப்பிடுவேன். ஓடுகளைப் பற்றி மட்டும் பேசினாலும் போதும், எடு. வெற்றோடுகளை மறக்காதே.

அன்புடன்,
அப்பா