இரண்டு துறையில் எழுதுவது குற்றமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நன்னீர்ச் சூழலியல் ஆய்வாளர் ஒருவரின் கட்டுரைப் பட்டியலை வைத்து உங்கள் பத்தியாளர் சென்ற இதழில் எழுதியிருந்ததைப் படித்தேன். ஆற்று மீன், நீர்ப்பூச்சி என்று போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று 'சைகை வழிக் கற்றல்', அதாவது கையை அசைத்துக் காட்டிப் படிப்பது என்று பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டார், எல்லாம் கட்டுரை எண்ணிக்கையைக் கூட்டத்தான் என்று முடித்திருக்கிறார். எண்ணிக்கைக்காக எழுதுகிறவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் தலைப்புகளை மட்டும் பார்த்து ஒருவரை அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவது சரியில்லை.

பல துறையில் கை வைப்பது நம் சீமைக்குப் புதிதும் அல்ல. இடையன்குடியில் இருந்த கால்டுவெல் இலக்கணம் எழுதினார், திருநெல்வேலி வரலாறு எழுதினார், கொற்கையில் மண்ணைத் தோண்டியும் பார்த்தார். எண்ணிக்கைக்காக என்று அவரை யாரும் சொன்னதில்லை.

நான் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆற்றையும் கையையும் சேர்த்துப் பார்ப்பதில் எனக்கு வியப்பே இல்லை. வேகமாக ஓடும் தண்ணீரில் உள்ள மீனுக்கும் ஆழமான கசத்தில் ஓடாத தண்ணீரில் கிடக்கும் மீனுக்கும் உடல் வாகு வேறு. வாயால் எவ்வளவு சொன்னாலும் பிள்ளைகளுக்கு அது பாடமாகத்தான் நிற்கும். உள்ளங்கையைக் கவிழ்த்துப் பாறைமேல் ஒட்டுவதுபோல வைத்துக் காட்டச் சொன்னால், களக்காட்டு மலை ஓடைகளில் வாய்க்குக் கீழே ஒட்டும் தட்டோடு கல்லைப் பற்றிக்கொண்டு வாழும் மீன் ஏன் அப்படி இருக்கிறது என்பது உடனே பிடிபடும். கையை நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் தள்ளிவிடும் என்று அவர்களே சொல்வார்கள். வயலுக்குத் தண்ணீர் விடுகிறவர் எத்தனை அடி என்றா சொல்கிறார்? முழங்காலைத் தொட்டுக் காட்டுகிறார், அவ்வளவுதான்.

இது என் அனுபவம் மட்டும் அல்ல. சிகாகோ பல்கலைக்கழகத்தின் சூசன் கோல்டின்-மெடோவும் அவருடன் வேலை செய்தவர்களும் பல பத்தாண்டுகளாக இதைத்தான் ஆராய்ந்திருக்கிறார்கள். 3 + 4 + 5 = ? + 5 என்ற கணக்கைக் கொடுத்தால் சின்னப் பிள்ளைகள் பலர் 12 என்பார்கள். விளக்கச் சொன்னால், சில பிள்ளைகளின் வாய் ஒன்று சொல்லும், கை வேறொன்றைக் காட்டும். 'மூன்றையும் கூட்டினேன்' என்று சொல்லும்போதே விரல் சமக்குறிக்கு அந்தப் பக்கமும் போய்வரும். இப்படி வாயும் கையும் ஒத்துப்போகாத பிள்ளைகளுக்குத்தான் அடுத்துச் சொல்லிக் கொடுப்பது சீக்கிரம் ஏறுகிறது என்று 1988இல் அவர்கள் எழுதினார்கள். படிக்கும்போது கையையும் பயன்படுத்திய பிள்ளைகளுக்குப் படித்தது சில வாரம் கழித்தும் நிற்கிறது என்று 2008இல் இன்னொரு ஆய்வு வந்தது. பிறவியிலேயே பார்வையற்றவர்கள்கூடப் பேசும்போது கையை அசைக்கிறார்கள் என்பது 1998இல் வந்தது. பார்த்துப் பழகாமலே கை அசைகிறது என்றால், அது எதிரே இருப்பவருக்காக மட்டும் அல்ல, பேசுகிறவர் யோசிப்பதற்கும் உதவுகிறது என்றுதானே பொருள்?

இடையில் ஒன்று. காது கேளாதோர் பேசும் சைகை மொழியையும் இந்தச் சைகையையும் பத்தியாளர் ஒன்றாக்கிவிட்டார். சைகை மொழி இலக்கணம் உள்ள முழு மொழி. நூறாண்டுக்கு மேலாகக் காது கேளாதோர் பள்ளி நடக்கும் பாளையங்கோட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை நாம் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இனி எண்ணிக்கைக்கு வருகிறேன். ஆய்வாளரை எடைபோடப் பத்தியாளர் நம்பும் 'எச் குறியீடு' 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்னது. ஒருவருக்கு அது 10 என்றால், அவருடைய பத்துக் கட்டுரைகளை ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். புதிய மருந்தைப் பற்றி எழுதினால் உலகமே எடுத்துக்காட்டும். மலை ஓடையில் ஒரு மீனைக் கண்டுபிடித்து எழுதினால் எத்தனை பேர் எடுத்துக்காட்டுவார்கள்? தாமிரபரணியின் பெயரையே தாங்கி நிற்கும் ஒரு கெண்டையினத்தை 1954இல் சைலாஸ் விவரித்தார். அந்த மாதிரி வேலையை இந்தக் குறியீட்டால் அளந்தால் தராசுதான் வெட்கப்பட வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவே 2022இல் முனைவர் பட்டத்துக்கு ஆய்விதழில் கட்டுரை வந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டது. அதற்குப் பிறகும் நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு உள்ள குறை வேறு. அந்தப் பட்டியலில் தமிழில் ஒன்றுகூட இல்லை. அதற்காக அவரை மட்டும் நோவதில் பயனில்லை, தமிழில் எழுதினால் பதவி உயர்வுக் கணக்கில் பெரிதாக ஒன்றும் சேர்வதில்லை. ஆங்கிலத்தில் உள்ளதையாவது படிக்கலாம் என்றால் பாதிக்குப் பணம் கட்ட வேண்டும். ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்தை 2025இல் தொடங்கியிருக்கிறார்கள். சுமார் 13,000 ஆய்விதழ்கள், மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். நல்லதுதான். ஆனால் அது அரசுக் கல்லூரிகளுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும். அம்பாசமுத்திரத்தில் உள்ள பள்ளி ஆசிரியருக்கும், கன்னடியன் கால்வாயை நம்பி நெல் போடுகிறவருக்கும் அந்தக் கதவு திறக்காது. ஆறு இவர்களுடையது, தகவல் வேறெங்கோ இருக்கிறது.

இத்தனைக்கும் இந்த நன்னீர்ச் சூழலியலில் ஊராருக்கு உடனே பயன்படும் சங்கதி நிறைய உண்டு. கல்லைப் புரட்டினால் கல் ஈ, மே ஈ ஆகியவற்றின் இளம்பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் தண்ணீரில் உயிர்வளி நன்றாக இருக்கிறது. சாக்கடை கலந்தால் முதலில் காணாமல் போவது இவைதான். சேற்றில் சிவப்புப் புழு மட்டும் மிஞ்சும். இதைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம், பழைய கொசுவலைத் துண்டும் வெள்ளைத் தட்டும் போதும். பாபநாசத்துக்கு மேலே ஓரிடம், சேரன்மகாதேவியில் ஓரிடம், குறுக்குத்துறையில் ஓரிடம் என்று பார்த்து எழுதினால் ஆறு எங்கே கெடுகிறது என்பது பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும். எந்த இளம்பூச்சிக்கு வாலில் இரண்டு இழை, எதற்கு மூன்று என்பதை விரலால் காட்டிச் சொன்னால் மறக்காது. அந்த ஆய்வாளரின் இரண்டு துறையும் சந்திக்கும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆகவே பத்தியாளருக்குப் பதில் அந்த ஆய்வாளரையே கேட்டு, அரைப்பக்கமாவது தமிழில் எழுத வையுங்கள். படத்தோடு போடுங்கள். ஒரு வரி மட்டும் மறக்காமல் சேர்க்கச் சொல்லுங்கள்: அணையில் தண்ணீர் திறந்துவிடும் நாளில் பிள்ளைகள் ஆற்றில் இறங்க வேண்டாம், பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியர்,
கல்லிடைக்குறிச்சி