திரையை எப்போது அணைப்பது?

ஆசிரியருக்கு,

வகுப்பறைக் கணினிகள் பற்றிய உங்கள் தலையங்கம் கருவிகளின் எண்ணிக்கையோடு நின்றுவிட்டது. எத்தனை திரைகள் என்பதைவிட, எந்தப் பாடத்துக்குத் திரை வேண்டும் என்பதுதான் கேள்வி. யுனெஸ்கோவின் 2023-ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையும் கற்றலுக்கு உதவும் இடத்தில் மட்டும் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தச் சொல்கிறது. அதே ஆண்டில் சுவீடன் அரசு அச்சுப் பாடநூல்களுக்கெனத் தனி நிதி ஒதுக்கியது.

நான் கணித ஆசிரியர். கோணத்தை இருசமக் கூறிடும் முறையை ஒருமுறை காணொளியில் காட்டினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். சரி என்று கவராயத்தைக் கையில் கொடுத்தால், பாதிப் பேருக்கு முனையை எங்கே ஊன்றுவதென்றே தெரியவில்லை. அப்புறம் காணொளியை நடுவில் நிறுத்தி, அடுத்த வில் எங்கே வரும் என்று அவர்களையே கேட்டேன். தப்பாக வரைந்தார்கள், அழித்தார்கள், பிடித்துக்கொண்டார்கள். அதே சமயம், நேர்கோட்டின் சாய்வு மாறுவதைக் காட்டுவதில் திரைக்கு ஈடில்லை. கரும்பலகையில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எனவே, கருவி வாங்கும் குழுக்களில் பாடம் நடத்தும் ஆசிரியர்களையும் சேர்க்க வேண்டும். பயிற்சி வகுப்புகளில், கருவியை எப்போது அணைப்பது என்பதையும் கற்றுத்தரலாம்.

– கணித ஆசிரியர் ஒருவர்