மரத்துக்குள் மறைந்த கிழங்கு வாசனை

அன்பு மகளுக்கு,

மெக்சிகோவின் குவாடலஹாரா நகரில் நீ வேலை பார்க்கும் உணவகத்தில் டெக்கீலா மதுவைச் சுவைத்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். 22 ஆண்டுகள் கப்பல் மதுக்கூடத்தில் நின்றவன் என்ற உரிமையில், பீப்பாயில் முதிர்ந்த அன்யேஹோ வகையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதில்தான் நான் நெடுங்காலம் தவறாகத் தீர்ப்புச் சொல்லி வந்தேன்.

நிறத்தை நம்பாதே. அன்யேஹோ என்ற பெயரைப் பெற 600 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில் ஓராண்டாவது இருந்தாக வேண்டும் என்பது விதி. ஆனால், எடையில் 1 சதவீதம் வரை கேரமல் நிறமியும் கிளிசரினும் ஓக் சாறும் பாகும் சேர்த்துக்கொள்ள அதே விதி இடம் கொடுக்கிறது. நான் பல ஆண்டுகள் விருந்தினர்களிடம் புகழ்ந்த கரும்பழுப்பு மதுவின் வழவழப்பு முதிர்ச்சியால் வந்ததுதானா என்று இப்போது ஐயமாக இருக்கிறது.

ஒயினை முகர்வதுபோல் மூக்கைக் கோப்பைக்குள் நுழைக்காமல், வாயைச் சற்றே திறந்தபடி விளிம்பருகே மெதுவாக முகர வேண்டும். முதலில் எழும் வனிலா, தேங்காய், கிராம்பு வாசனைகள் மரம் கொடுத்தவை. முதிர வைப்பது பெரும்பாலும் அமெரிக்கப் போர்பன் விஸ்கி இருந்த பழைய பீப்பாய்களில்தான். அந்த வாசனைகளோடு நின்றுவிடாதே, அம்மா. சற்றுப் பொறுத்தால், சாம்பலில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கின் மணம் அடியிலிருந்து மேலே வரும். அதுவே டெக்கீலாவின் மூலப்பொருளான, அடுப்பில் வெந்த நீல அகாவேச் செடியின் மணம். ஆறேழு ஆண்டுகள் ஹலிஸ்கோ மாநில மண்ணில் நின்று, ஹிமடோர் எனும் அறுவடைக்காரரின் ‘கோவா’ என்ற வெட்டுக் கருவியின் வெட்டில் ஒரே முறை உயிரைக் கொடுக்கும் செடி அது. அதன் மணத்தை மரம் முழுவதும் விழுங்கிவிட்டிருந்தால், எவ்வளவு விலை உயர்ந்த புட்டியானாலும் நான் மதிப்பெண்ணைக் குறைப்பேன்.

முதல் மிடறு நாக்கைப் பழக்குவதற்கு மட்டுமே; இரண்டாவது மிடற்றில்தான் தீர்ப்பு. இனிப்புக்குப் பின்னால் மிளகின் காரமும் பச்சிலைக் கசப்பும் தெரிகின்றனவா என்று பார். உதட்டில் பாகுபோல் பிசுபிசுத்து, விழுங்கிய பின்னும் வனிலா மட்டுமே நின்றால் சந்தேகப்படு. இயன்றால் அதே ஆலையின் பிளாங்கோவை, அதாவது பீப்பாயில் முதிராத வெள்ளை வகையை, முதலில் சுவைத்துவிடு. பீப்பாய் எதைச் சேர்த்தது, எதை மறைத்தது என்பது அப்போதுதான் பிடிபடும்.

குடித்த கோப்பையைக் கழுவாமல் வைத்திருந்து, மறுநாள் காலையில் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா