நியோபென்டைலிலிருந்து தொடங்கு

கொழிஞ்சாம்பாறை

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பொள்ளாச்சிப் பக்கமே மாறுதல் கிடைத்தது பெரிய நிம்மதி. இனி கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் நம் வீடு. அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. ஆழியாற்றுத் தண்ணீர் நேரத்துக்கு வந்ததால் அண்ணன் நடவை முடித்துவிட்டார்.

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் ஆல்கைல் ஹேலைடுகளை, அதாவது கார்பன் சங்கிலியில் புரோமின் போன்ற ஹாலஜன் ஒட்டிய சேர்மங்களை, எப்படி நடத்துகிறேன் என்று கேட்டிருந்தாய். ஹாலஜன் ஒட்டிய கார்பனோடு வேறு எத்தனை கார்பன்கள் இணைந்திருக்கின்றன என்று எண்ணி, ஓரிணையம் வேகம், ஈரிணையம் மெதுவு, மூவிணையம் நடக்காது என்ற எஸ்.என்.2 பட்டியலோடு தொடங்குவதை நான் விட்டுவிட்டேன். பட்டியலில் தவறில்லை. ஆனால் அதை முதலில் கொடுத்தால் பிள்ளைகள் மூலக்கூறைப் பார்ப்பதில்லை, பெயரைத்தான் பார்க்கிறார்கள்.

எஸ்.என்.2 என்பது ஒரே படியில் நடக்கும் பதிலீட்டு வினை; அதில் ஹாலஜனின் இடத்தைப் பிடிக்க வரும் கருக்கவர் பொருள் ஹாலஜனுக்கு நேர் பின்பக்கமாக வர வேண்டும். ஒரு கணம் கார்பனைச் சுற்றி ஐந்து பேர் நெருங்கி நிற்கிறார்கள். பிறகு ஹாலஜன் விலக, மற்ற மூன்றும் நம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் குடை புரள்வதுபோல் மறுபக்கம் திரும்பிக்கொள்கின்றன. 1896இல் வால்டன் கண்ட தலைகீழ் மாற்றத்துக்கு 1930களில் ஹியூஸும் இங்கோல்டும் தந்த விளக்கம் இதுதான். அந்த மூன்றும் ஹைட்ரஜன் என்றால் இடத்துக்குக் குறையில்லை: மெத்தில் புரோமைடு, எத்தில் புரோமைடைவிட ஏறக்குறைய 30 மடங்கு வேகம். ஐசோபுரோப்பைலோ எத்திலைவிடச் சுமார் 40 மடங்கு மெதுவு.

இந்த இடத்தில் நியோபென்டைல் புரோமைடைக் கரும்பலகையில் வரைந்துவிடு. பெயருக்கு ஓரிணையம். பட்டியலை நம்பினால் வேகமாக வினைபுரிய வேண்டும். ஆனால் எத்திலைவிட ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு மெதுவு! அடுத்த கார்பனில் மூன்று மெத்தில் தொகுதிகள். சங்கிலியை எப்படித் திருப்பினாலும் ஏதாவது ஒன்று பின்வழியை மறிக்கிறது. ஹாலஜனும் பக்கத்துக் கார்பனின் ஹைட்ரஜனும் சேர்ந்து வெளியேறும் நீக்கல் வினைக்கும் வழியில்லை, பக்கத்துக் கார்பனில் ஹைட்ரஜனே கிடையாது. ஹாலஜன் முதலில் விலகிவிடும் எஸ்.என்.1 வழியில் தள்ளினால் ஒரு மெத்தில் இடம்பெயர்ந்து, மூவிணையக் கார்பன் நேர் அயனி வழியாக வேறு சட்டகம் கொண்ட பொருள் வருகிறது. இப்படி இடநெருக்கடி வினையை மறிக்கும் கொள்ளிடத் தடையைப் புரியவைக்க இதைவிட நல்ல மூலக்கூறு எனக்குத் தெரியவில்லை. இதைப் பாடத்தின் கடைசியில் விதிவிலக்கு என்று ஒதுக்குவது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

உங்கள் ஆய்வகத்தில் 1-புரோமோபியூட்டேன், 2-புரோமோபியூட்டேன், மூவிணைய பியூட்டைல் புரோமைடு மூன்றும் இருக்கின்றனவா? அசிட்டோனில் கரைத்த சோடியம் அயோடைடோடு சேர்த்துப் பார். முதல் குழாயில் சற்று நேரத்தில் சோடியம் புரோமைடு வெண்மையாகப் படியும். இரண்டாவதை வெந்நீரில் வைத்துச் சூடாக்க வேண்டியிருக்கும். அதே மூன்றையும் எத்தனாலில் கரைத்த வெள்ளி நைட்ரேட்டில் விட்டால், மூவிணையம் உடனே கலங்கிவிடும். இங்கே ஹாலஜன் முதலில் விலகுகிறது. பின்வழி நெரிசல் தடையாவதில்லை. வரிசை தலைகீழாவதைப் பார்த்ததும் பிள்ளைகளே "ஏன் சார்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வரும்வரை விடையைச் சொல்லிவிடாதே. அசிட்டோன் இருக்கும் மேசையில் தீ மட்டும் வேண்டாம்.

நடத்தி முடித்ததும் உன் மாணவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுது. 2-புரோமோபியூட்டேன் உங்களிடம் இல்லையென்றால் சொல், வேறு எதை வைத்துச் செய்யலாம் என்று யோசிப்போம்.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத்தோழன்